நாலு கோடும் முப்பது மூட்டையும்

எங்கள் வீட்டைக் கட்டியவர்களுக்கு வைஃபை வரப்போகிறது என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் சுவரை மெலிதாகக் கட்டியிருக்க மாட்டார்கள். மண்ணும் செங்கல்லுமாக இரண்டடி தடிமனில் எழுப்பிய சுவர். முன்னால் கம்பி போட்ட வராந்தா, அடுத்து நீளமான ஹால், ஹாலின் முடிவில் குறுகலாக ஒரு நடை, நடையின் இடப்பக்கம் சமையலறை, கடைசியில் என் அறை. அது முன்பு விதை நெல் வைக்கிற அறையாக இருந்தது. எலிக்குப் பயந்து ஜன்னலே வைக்காமல் விட்டிருந்தார்கள். நான் வந்து சேர்ந்த பிறகு நைனா அதில் ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தார். விதைக்குக் கிடைக்காத வசதி எனக்குக் கிடைத்தது.

எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் இந்த இரண்டு தகவலையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் மூன்றாவதாக யாரும் எதுவும் கேட்பதில்லை, அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். சென்னையில் பதினோரு வருடம் ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு அறையில் நாலு கட்டில், ஒரு கண்ணாடி, ஒரே ஒரு பிளக் பாயின்ட். வேலை, ஆஸ்திரேலியாவில் இருக்கிற பல் மருத்துவமனைகளுக்கு நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்டைப் பதிவு செய்து கொடுப்பது. எட்டு பேர் கொண்ட குழுவுக்கு நான் லீடர். அங்கே ஒருவருக்குப் பல் வலித்தால் இங்கே விடியற்காலையில் நான் எழுந்து உட்கார வேண்டும். கொரோனா வந்தபோது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். நான் மட்டும் ஏதாவது காரணம் சொல்லி இழுத்துக்கொண்டே இருந்தேன். உண்மையான காரணத்தை மேனேஜரிடம் சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்திருந்தது. அதை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

மாசி மாதத்தில் மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் பார்ப்பார்கள். அதற்குள் மூன்று முறை என் லைன் அறுந்தால் சென்னைக்கு வந்துவிட வேண்டும். அறுந்துபோகாமல் தாண்டிவிட்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், எழுதியே கொடுத்துவிடுவார்கள். நோயாளிகளின் விவரம் என்பதால் இரண்டு நிபந்தனை. மொபைல் நெட்டில் வேலை பார்க்கக் கூடாது. கதவு சாத்திய தனி அறையில்தான் உட்கார வேண்டும். கதவு சாத்திய தனி அறை என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகத்தானே ஐயா இந்தப் பாடு.

சங்கடம் என்னவென்றால், கதவு சாத்திய அந்த அறைக்குள் சிக்னல் வராது. தெருக் கம்பத்திலிருந்து வருகிற ஒயர் வராந்தாவில் இருந்த முதல் பெட்டியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கிளம்புகிற சிக்னல் ஹாலைத் தாண்டுவதற்குள் களைத்துப் போய்விடும். என் அறையில் ஒரு கோடு காட்டும், கதவைச் சாத்தினால் அதுவும் போய்விடும். இரண்டாவதாக ஒரு பெட்டி வேண்டும் என்று கேபிள்காரர் சொன்னார். அக்சஸ் பாயின்ட் என்று பெயர். முதல் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து இதில் மாட்டினால், இது இருக்கிற இடத்திலிருந்து புதிதாகச் சிக்னல் கிளம்பும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு வீட்டில் ஒரு பொருளை எங்கே வைப்பது என்பது அந்தப் பொருளைப் பற்றிய கேள்வியே இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் அறைக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றேன். அதற்கு நடுச்சுவரில் ஓட்டை போட வேண்டும்.

"நடு செவுத்துல கை வெக்காதே," என்றார் நைனா. "மண்ணு செவுரு. டிரில்லு உட்டா பொலபொலன்னு கொட்டிக்கும். அப்புறம் வூட்டையே உன் ஒயரால கட்டிக்கினு நிக்கணும்."

நடையில் வைக்கலாம் என்றேன். அங்கே அம்மா புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தாள், ஆணி அடிக்கக் கூடாது. டிவிக்குப் பக்கத்தில் என்று நைனா சொன்னார், அங்கே வைத்தால் டிவி நன்றாகத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சாமி அலமாரிக்கு மேலே என்று கேபிள்காரர் சொல்லி வாயை மூடுவதற்குள் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஏணியிலிருந்து ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

நான் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நிலம் அளக்க வந்த சர்வேயர் மாதிரி வீடு முழுக்க நடந்தேன். எந்த மூலையில் எத்தனை கோடு வருகிறது என்று ஒரு நோட்டில் படம் போட்டுக் குறித்தேன். பிறந்து வளர்ந்த வீட்டை அப்படி அடி அடியாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. யார் எங்கே உட்காருவார்கள், எதை எங்கே வைப்பார்கள், எது எந்த வாசல் வழியாக வரும் என்பதெல்லாம் ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. புதிதாக வருகிற எதுவும் அந்த ஏற்பாட்டுக்கு நடுவில் இடுக்கு பார்த்துத்தான் நுழைய வேண்டியிருந்தது. கடைசியில் ஹாலுக்குள்ளே, வாசற்படிக்கு நேர் மேலே, லட்சுமி படத்தை ஒரு சாண் தள்ளிவிட்டு அங்கே பெட்டியை மாட்டினோம். அங்கிருந்து பார்த்தால் காலியான ஹால், நடை, என் அறைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். நாலு கோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து தூசி என்று சொன்னேன்.

ஹால் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மாசியில் எல்லார் வீட்டு ஹாலும் காலியாகத்தான் இருக்கும். இந்த ஊரில் பிறந்து, ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள், பங்குனியில் ஹாலுக்குள் என்ன வரும் என்று தெரியாதவள் போல நோட்டில் படம் போட்டிருக்கிறேன். நவரைப் போக அறுவடை முடிந்ததும் மூட்டைகள் வந்தன.

இயந்திரத்தில் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கிடைக்கும்வரை பகலில் வெளியே கொட்டிக் காயவைப்பதும், சாயங்காலம் மூட்டை கட்டி உள்ளே கொண்டுவருவதுமாக இருந்தார்கள். ஹாலின் பின்பாதியில் மரக்கட்டைகள் போட்டு, அதன் மேல் நைனா மூட்டைகளை அடுக்கினார். நடைக்குப் போக ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற வழி மட்டும் மிச்சம். மறுநாள் காலை, ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணி தன் கடைவாய்ப்பல்லைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது லைன் அறுந்தது. ஒன்று.

கேபிள்காரருக்குப் போன் செய்தேன். அவர் வயல் நடுவில் அறுவடை இயந்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். பங்குனியில் அவர் கேபிள்காரர் இல்லை, அறுவடை இயந்திரம் பிடித்துக் கொடுக்கிறவர்.

"பெட்டி நல்லாத்தான் கீதும்மா. எதிர்ல எதுனா வெச்சீங்களா?"

"நெல்லு மூட்டை."

"ஈர நெல்லா? ஈரம் சிக்னலக் குடிச்சிடும்மா. காயட்டும், சரியாப் பூடும். நான் அறுப்பு முடிஞ்சி வந்து பாக்கறேன்."

நைனா நம்பவில்லை. "நெல்லு இன்னா பண்ணும்? அது பாட்டுக்கு செவனேன்னு கீது. உன் பொட்டிதான் பேஜாரு." அவர் கண் முன்னாலேயே செல்போனை மூட்டைக்கு இந்தப் பக்கம் பிடித்தேன், நாலு கோடு. அந்தப் பக்கம் பிடித்தேன், ஒன்று. அவர் போனை வாங்கித் தானே ஒரு முறை செய்து பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார், தனக்குத் தெரியாமல் அது ஏதோ செய்துவிட்டது போல. நாலு நாள் வெயிலில் காய்ந்த பிறகு அந்தப் பக்கமும் இரண்டு கோடு வந்தது, பிறகு மூன்று. அதற்கப்புறம் நைனா தினமும் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். என் வேலை எப்படிப் போகிறது என்று கேட்க அல்ல. "இன்னிக்கு எத்தினி கோடு?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, தன் பல்லும் என் பெட்டியும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு போவார். எனக்கு என் அறை போகப்போகிறது, அவருக்கு ஈரமானி கிடைத்துவிட்டது.

இரண்டாவது வயல் நெல் வந்து மூட்டை தலைக்கு மேலே ஏறியபோது இரண்டாவது முறையும் அறுந்தது. சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பண்றது?" என்றார் நைனா. "நெல்ல தெருவுலயா போடறது?"

போடச் சொல்ல முடியுமா? நம் வீட்டு நெல். டோக்கன் வருகிறவரை பொறுத்துக்கொண்டேன். காதில் ஹெட்செட்டை வைத்துக்கொண்டு, கோடு குறையும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருபத்து நாலு நாள். நெல் கொள்முதலுக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அம்மா ஹாலைப் பெருக்கினாள். கட்டை இடுக்கில் சிந்திக் கிடந்த நெல்லை ஒன்றுவிடாமல் முறத்தில் கூட்டி அள்ளி, அரைப்படி தேறியது என்று சந்தோஷமாகக் காட்டினாள். என் அறையில் நாலு கோடு. கெடு முடிய இன்னும் ஆறு நாள். கடைசி நாள் பதினொரு மணிக்கு மேனேஜர் வீடியோவில் வந்து என் அறையையும் லைனையும் பார்ப்பார், அதோடு முடிந்தது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அந்தக் கடைசி நாள் நைனாவும் அம்மாவும் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். காலையிலேயே வானம் இருட்டிவிட்டது. சித்திரையில் எப்போதாவது வருகிற மழை, முன்னறிவிப்பு இல்லாமல் கொட்டியது. பத்தரை மணிக்கு நான் இடைவேளை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போட்ட மூட்டைகள். வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் எங்கள் வயலில் நடவு நடுகிற பெண்களுக்குத் தலைவி. காலனியில் இருப்பவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வயலில் வேலை செய்கிறார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார். இதைச் சமத்துவம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவர் முதல் தடவையாக முக்கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தன் சொந்தப் பயிராக வைத்திருந்தார். முப்பது மூட்டை. கொள்முதல் நிலையத்தில் திறந்தவெளியில் கிடந்தது, மழை வந்துவிட்டது. அவருடைய வீடு ஒரே அறை, அதற்குள்ளும் தண்ணீர்.

"நைனா இல்லியா பாப்பா? அம்மா?" தலையில் போட்டிருந்த உரச் சாக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. "மூட்ட பாதி நனஞ்சி பூச்சு. மீதியும் நனஞ்சா மொளச்சிடும். மழ உடறவரைக்கும் இங்க போட்டுக்கறேன். நைனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நான் மூட்டைகளைப் பார்த்தேன். ஈர மூட்டைகள். இன்னும் அரை மணி நேரத்தில் பதினொன்று. என் மனதில் முதலில் தோன்றியது அந்தப் பெண்ணின் முகமோ ஒரு போகத்து உழைப்போ அல்ல, என் அறைக் கதவின் தாழ்ப்பாள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

"ஹால்ல வேணாம்க்கா," என்றேன். "பின்னாடி மாட்டுக் கொட்டாயில போட்டுடுங்க. ஹால்ல வெச்சா எனக்கு சிக்னல் வராது."

மாடு விற்று நாலு வருடம் ஆகிறது. கொட்டகையின் தகரம் பாதி பெயர்ந்து கிடந்தது. அது அவருக்கும் தெரியும், வாரா வாரம் அந்தப் பக்கம் வருகிறவர்.

"சிக்னலா?" என்றார்.

"ஆமாக்கா. ஈர நெல்லு சிக்னலைத் தடுக்கும். நிஜமாத்தான்."

சொல்லி முடிக்கும்போதே என் குரல் எனக்கே கேட்டது. வண்டி ஓட்டி வந்தவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். அந்த அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என்னை ஒரு கணம் பார்த்தார். ஏற்கெனவே பல பேர் பல பெயரில் சொல்லிக் கேட்ட ஒன்றை இன்னொரு பெயரில் கேட்கிறவரின் பார்வை.

"போன வாரம் வரைக்கும் உங்க மூட்ட அங்கதானே இருந்துச்சி, பாப்பா?" என்றார். "அப்ப வந்துச்சா சிக்னலு?"

குத்திக்காட்டும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதும் வரவில்லை. இரண்டு முறை அறுந்தது. ஆனால் அந்த மூட்டைகளை யாரும் கொட்டகைக்கு அனுப்பவில்லை, அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மூன்று வாய்ப்பில் இரண்டை எங்கள் நெல்லுக்குச் செலவழித்துவிட்டு, மூன்றாவதை இவர் நெல்லிடமிருந்து காப்பாற்ற நின்றுகொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வண்டிக்காரரிடம், "பின்னாடி சந்துல உடு," என்றார்.

"அக்கா, வேணாம்," என்றேன். "ஹால்லயே போடுங்க. முன் வாசல் வழியா வாங்க."

வண்டிக்காரர் முதல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார், அவர் வெளியூர்க்காரர். அக்காதான் வாசற்படியில் நின்றார். காலைத் துடைத்தார். இன்னொரு காலையும் துடைத்தார். மறுபடியும் முதல் காலைத் துடைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் அவரை நான் வயலில் பார்த்திருக்கிறேன், தோட்டத்துக் கதவுப் பக்கம் பார்த்திருக்கிறேன், கூலி வாங்கப் பின்சந்தில் நிற்கப் பார்த்திருக்கிறேன். ஹாலில் ஒருமுறை கூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று நைனா பெருமையாகச் சொல்வார். பார்ப்பதில்லைதான். யாரும் வந்ததும் இல்லை, அதனால் பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. நோட்டில் வீடு முழுக்கப் படம் போட்டு, எது எதுவரை வரும் என்று குறித்தவள் நான். இது என் படத்தில் இல்லை.

"வாக்கா, மழைல நிக்காதே," என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை சில்லென்று இருந்தது. உள்ளே வந்தவர் முதலில் மேலே பார்த்தார், பிறகு சுற்றிப் பார்த்தார். "இம்மாம் நீளமா கீதா உள்ள," என்றார். இந்த வீட்டுக் களத்தில் எத்தனையோ வருடம் நெல் தூற்றியவர்.

நைனா போட்டுவைத்த கட்டைகள் அங்கேயே கிடந்தன. அதே இடத்தில் முப்பது மூட்டையும் அடுக்கினோம். நானும் பிடித்துக் கொடுத்தேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் அறைக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போனது. அக்கா நடைப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மெய்யாலுமே போச்சா?" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் பதற்றம் வந்தது. "அப்ப தூக்கிப் போட்டுடலாம் பாப்பா. வண்டி இன்னும் போவல."

"வேணாம். நான் அந்தப் பக்கம் வந்துக்கறேன்."

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஹாலின் முன்பாதிக்கு வந்தேன். வாசற்கதவைத் தாழிட்டு, பெட்டிக்கு நேர் கீழே கதவைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நாலு கோடு. தனி அறை என்ற நிபந்தனை போயிற்று, ஆனால் கதவாவது சாத்தியிருந்தது. அக்கா வெளியே போகக் கிளம்பினார். மழை வராந்தாக் கம்பி வழியாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க போற? குந்துக்கா."

நாற்காலி இன்னொன்று காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். நான் வற்புறுத்தவில்லை. பதினொரு மணி ஆகிவிட்டது.

மேனேஜர் திரையில் வந்தார். லைன் அருமையாக இருக்கிறது என்றார். அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்த ஜன்னல் வெளிச்சம் வரை தெளிவாகத் தெரிந்தது. குழுவைப் பற்றிக் கேட்டார், போன வாரக் கணக்குகளைக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கண்ணைச் சுருக்கினார்.

"பின்னாடி யாரோ இருக்காங்களே? தனி ரூம்னு சொன்னீங்க?"

"ஃபேமிலி சார்," என்றேன்.

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! அரை மணி நேரத்துக்கு முன்னால் வாசலில் நிற்கும்போது வராத வார்த்தை, என் வேலைக்குத் தேவை என்றதும் தயங்காமல் வந்தது. பின்னால் அக்காவுக்கு என் பேச்சில் ஆங்கிலம் போக மீதி புரிந்திருக்கும். இந்த வார்த்தை நிச்சயம் புரிந்திருக்கும், அது இப்போது தமிழ்தானே. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர், "ஓகே, ஃபேமிலின்னா பரவால்ல. அப்ப நான் அப்ரூவ்..." என்றபோது மின்விசிறி நின்றது. இன்வர்ட்டர் பிடித்துக்கொண்டது, பெட்டிகள் இரண்டும் பச்சை விளக்கோடுதான் இருந்தன. மேனேஜர் மட்டும் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து போயிருந்தார். தெருமுனையில் கேபிள்காரர் கம்பத்தில் கட்டிவைத்திருந்த பெட்டிக்கு இன்வர்ட்டர் கிடையாது. மழை வந்தால் கரன்ட் போகும், கரன்ட் போனால் அது போகும், அது போனால் ஊருக்கே போகும். நெல் ஈரமாக இருந்தாலும் ஒன்றுதான், காய்ந்திருந்தாலும் ஒன்றுதான். ஹாலே காலியாக இருந்திருந்தாலும் அந்த நிமிடத்தில் அறுந்திருக்கும். நான் அந்த அக்காவிடம் சொன்ன சொல்லுக்கு எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது.

மூன்று. போனில் மேனேஜரின் குறுஞ்செய்தி வந்தது. வருத்தமாக இருக்கிறது, அடுத்த திங்கள் ஆபீசில் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம். நான் லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். தூசி என்று சொல்ல வீட்டில் வேறு யாரும் இல்லை.

"என் மூட்டையாலதானே பாப்பா?" அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"இல்லக்கா. கரன்ட்டு போச்சு. மொனையில இருக்கற பெட்டி நின்னுடுச்சு. உன் மூட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நீதானே சொன்னே, நெல்லு இருந்தா வராதுன்னு."

எவ்வளவோ விளக்கிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. முதலில் நான் உண்மையைச் சொன்னபோதும் அவர் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. இரண்டு தடவையும் தப்பு அவர் பேரில் இல்லை. "மூட்ட நெல்லால பொண்ணு வேல போச்சேன்னு நைனா கேட்டா நான் இன்னா சொல்லுவேன்," என்று சொல்லிக்கொண்டே மூட்டை வாய்களைப் பிரித்துக் காற்றாட விட ஆரம்பித்தார்.

நைனா சாயங்காலம் வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், யாருடையது என்று கேட்டார், சொன்னேன். பிறகு ஒரு மூட்டைக்குள் கையை விட்டு இரண்டு நெல்லை எடுத்துக் கடித்தார். "தொப்பலா கீது. வெயில் வந்தவுடனே கொட்டணும்," என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். நைனாவைப் பற்றி எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா நடைக்குப் போகிற இடுக்கில் ஒருக்களித்துச் சமையலறைக்குப் போனாள், புடவை மூட்டையில் படாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. எங்கள் மூட்டை இருந்தபோது அப்படிப் பிடித்தாளா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. அப்போது நான் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை செங்கல்பட்டு பஸ் பிடித்து ஹாஸ்டலுக்குப் போனேன். இப்போது ஒரு அறைக்கு மூன்று கட்டில், அதை முன்னேற்றம் என்று வார்டன் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிமணி எடுக்க ஊருக்கு வந்தபோதுதான் அக்காவின் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் நல்ல வெயிலில் காய்ந்து, முளைத்தது போக இருபத்தாறு தேறியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று நைனா கடித்துப் பார்த்துச் சொல்லியிருந்தார். கடைசி மூட்டை போனதும் அக்கா வாசற்படியில் நின்று, "வரேன் பாப்பா, உன் இடம் காலியாச்சு," என்றார். "இது உன் இடம் இல்லையாக்கா?" என்று கேட்டிருக்கலாம். வண்டி கிளம்பிவிட்டது.

என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். பழக்கதோஷம். நாலு கோடு, துளிகூட ஆடாமல். ஹாலிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அம்மா மூன்று குடம் தண்ணீரும் பினாயிலும் வைத்துக்கொண்டு ஹாலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டை இடுக்கில் சிந்தியிருந்த நெல்லெல்லாம் தண்ணீரோடு மிதந்து, நடையைத் தாண்டித் தோட்டத்துச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நம்ம மூட்டை போனப்போ பெருக்கத்தானே செஞ்சே?" என்றேன்.

"இது ஈர நெல்லு இல்ல? நாத்தம் அடிக்குது, அதான்," என்றாள் அம்மா, நிமிராமல். "மெய்யாலுமே நாறுது, மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான், ஈர நெல் நாறும். சிக்னலையும் தடுக்கும், அதுவும் உண்மைதான். நான் தோட்டத்துப் பக்கம் போய், சாக்கடை முனையில் தேங்கி நின்ற நெல்லை இரண்டு கையாலும் அள்ளினேன். அரைப்படிக்கு மேலேயே இருந்தது.